கூரையின் கீழே நாட்டுப்புற இசை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நாட்டுப்புற இசைக்கு வீடு எது? வயல்வெளி என்பார் சிலர். தெருமுனை என்பார் சிலர். திருவிழாத் திடல் என்பார் வேறு சிலர். கூரையும் நாற்காலியும் உள்ள மண்டபம் என்று சொல்பவர் மிகச் சிலரே. மண்டபம் கற்றோர் இசைக்கு, வெட்டவெளி கல்லாதோர் இசைக்கு என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் குளிர்காலம் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

நான் அந்நாட்டைக் கண்டவனல்லன். ஒலியியல் பாடத்தில், இழுத்துக் கட்டிய தோற்பரப்பின் அதிர்வைப் படித்தபோது எங்கள் பேராசிரியர் 'பாஞ்சோ' என்னும் கருவியைக் குறிப்பிட்டார். "வட்டச் சட்டத்தில் தோல், அதன்மேல் தந்தி, பாதி முழவு, பாதி யாழ்" என்றார். அந்தச் சொல் என் மனத்தில் தைத்துவிட்டது. காரணம், என் தந்தையார் பறை அடிப்பவர். அன்று முதல் நூலகத்திலும் கைபேசியிலும் அக்கருவியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

அத்தேடலில் கிடைத்ததுதான் 'புளூகிராஸ்' இசை. கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்னும் சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, தம் மாநிலத்தின் பட்டப்பெயரான நீலப்புல்லைத் தம் குழுவுக்குப் பெயராக வைத்தார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கரக்ஸ் என்ற இளைஞர் அக்குழுவில் சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவைப் பொழிந்து தள்ளினார். மன்றோ எண்ணெய் ஆலையில் உழைத்தவர். ஸ்கரக்ஸ் நூலாலையில் உழைத்தவர். பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிடார், ஆள் உயரப் பாஸ் ஆகியவையே கருவிகள். மரபான புளூகிராஸ் குழுவில் முரசு கிடையாது! மாண்டலின் தந்திகளை வெட்டினாற்போல் தட்டி நிறுத்தும் ஓசையே அங்கே தாளமாகிறது.

1965இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபின்காசில் ஊருக்கு அருகே, ஒரு குதிரைப் பண்ணையில், இந்த இசைக்கென்றே பல நாள் விழா ஒன்று நடந்தது. அதன் பிறகு கோடைதோறும் புல்வெளிகளில் விழாக்கள் பெருகின. ஆனால் பனி பொழியும் பிப்ரவரியில் புல்வெளிக்கு யார் வருவார்? விரல்தான் தந்தியில் ஓடுமா? எனவே குளிர்கால விழாக்கள் பெரிய தங்கும் விடுதிகளுக்குள் புகுந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில் 1994இல் தொடங்கிய 'வின்டர்கிராஸ்' விழா, 2010இல் பெல்வியூ நகருக்கு மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் ஊரில் பல ஆண்டுகள் விடுதிக்குள் நடந்துவந்த விழாவுக்கு 'ஜோ வால்' விழா என்று பெயர். யார் இந்த ஜோ வால்? பகலில் தட்டச்சுப் பொறிகளைப் பழுது பார்த்தவர்; மற்ற நேரத்தில் மாண்டலின் வாசித்துப் பாடியவர். 1985இல் மறைந்தார். பழுது பார்த்தவரின் பெயரால் ஒரு விழா! இதைப் படித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன்.

இவ்விழாக்களில் மேடைக் கச்சேரி ஒரு பாதிதான். மறுபாதி நடைவழியிலும் மாடிப்படியிலும் முன்கூடத்திலும் நடக்கிறது. ஐந்தாறு பேர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லித் தொடங்குகிறார். ஒருவருடைய முறை வரும்போது மற்றவர்கள் தங்கள் ஓசையைத் தணித்துக்கொள்கிறார்கள். ஒரு தலையசைப்பில் முறை அடுத்தவருக்குப் போகிறது. கற்றுக்குட்டியும் வட்டத்தின் வெளிவிளிம்பில் அமர்ந்து மெல்ல வாசிக்கலாம். மருத்துவரும் தச்சரும் அருகருகே அமர்ந்தாலும் அங்கே கேட்கப்படுவது தொழிலன்று, சுருதிதான்.

இதில் நம் பாடமும் இருக்கிறது, நண்பர்களே! வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மூடிய நடைவழியிலோ சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒலிபெருக்கி இல்லாமலே கிடாரின் மெல்லோசையும் காதில் விழுகிறது. அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 1895இல் வாலஸ் சபைன் என்ற இயற்பியலார் எதிரொலி மிகுந்த விரிவுரைக் கூடம் ஒன்றை ஆராயத் தொடங்கினார். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தையைப்போல மனித உடலும் ஒலியை உறிஞ்சுகிறது என்பதும் அவ்வாராய்ச்சியில் அளந்தறியப்பட்டது. அப்படியானால் கேட்க வந்து அமர்பவரும் கூடத்தின் ஓசையை மாற்றுகிறார் அல்லவா? யார் உள்ளே வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பது இசைக்கும் ஒரு பொருட்டுதான்.

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி வருகிறது. பாஞ்சோ வெள்ளையர் தந்த கருவியன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்கள் நாட்டு நினைவிலிருந்து சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி உருவாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அதே பாஞ்சோவை மீட்டி, அம்மக்களை மேடையில் எள்ளி நகையாடினார்கள். தம்மை இகழப் பயன்பட்ட கருவியை யார் விரும்பிக் கையில் எடுப்பார்? கறுப்பின மக்களுள் பலர் காலப்போக்கில் அதைக் கைவிட்டார்கள். பாஞ்சோ யாருடையது என்பதையே நாடு மறந்துபோனது.

2005 ஏப்ரலில் வடகரோலைனாவின் பூன் நகரில், அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்ட இளைஞர்கள் சிலர், ஜோ தாம்சன் என்னும் முதிய பிடில் கலைஞரிடம் தொடர்ந்து சென்று பழைய பாட்டுகளைக் கற்றார்கள். அவரும் தொழிற்சாலையில் உழைத்தவரே. அவ்விளைஞர்களின் 'கரோலைனா சாக்லேட் டிராப்ஸ்' குழு 2011இல் கிராமி விருது பெற்றது. அவர்களுள் ஒருவரான ரியானன் கிடன்ஸ், 2017இல் ராலே நகரில் புளூகிராஸ் கலைஞர்களின் மாநாட்டில் முதன்மையுரை ஆற்றி, இந்த இசையில் கறுப்பின மக்களுக்குள்ள பங்கை எடுத்துரைத்தார்.

இதையெல்லாம் ஓர் இரவு என் தந்தையாரிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இந்தத் தோல் என்னோட போவட்டும், நீ படிச்சு மேல வா" என்பது அவர் எனக்குச் சொல்லிவந்த ஒரே அறிவுரை. பறைக்கும் இன்று மேடை கிடைத்திருக்கிறது, பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது என்று முன்பே சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நல்லது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்று மட்டும் ஜோ தாம்சனைப் பற்றி ஒன்று கேட்டார்: "அந்தப் பெரியவர உக்கார வெச்சாங்களாடா?"

"நாற்காலி போட்டுத்தாம்ப்பா. அவர் நடுவுல, பசங்க சுத்தி" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வரலேன்னு சொல்ல முடியாம போய் அடிச்சோம்டா நாங்க. அதான் வேணாங்கறேன். அடிக்கறது வேணாம்னு சொல்லல" என்றார்.

அவர் விட்டுவிடச் சொன்னது பறையை என்று இத்தனை நாள் எல்லாரும் எண்ணியிருந்தோம். அவர் விடச் சொன்னது கட்டாயத்தை. விடுதி நடைவழியின் அந்த வட்டத்துக்கு யாரும் யாரையும் ஏவி அழைப்பதில்லை. விரும்பியவர் வருகிறார், விரும்பியபோது எழுந்து போகிறார். கூரையைவிடவும் விருதைவிடவும் பெரிது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள், பறையைக் காய்ச்ச வைக்கோல் மூட்டுவது எப்படி, சிண்டுக்குச்சியைப் பிடிப்பது எப்படி என்று கேட்டேன். "பரீட்சை முடியட்டும்" என்றார். எனக்கு அது போதும்.

நம் கல்லூரிக் கலையரங்கில் மேடை இருக்கிறது, நாற்காலிகளும் இருக்கின்றன. ஒரு மாலையாவது அந்த நாற்காலிகளை மேடை நோக்கிப் போடாமல் வட்டமாகப் போடுவோம். உறுமியோ தவிலோ பறையோ கிடாரோ, தெரிந்தவர் வாசிக்கட்டும். பேராசிரியப் பெருமக்களும் உடன் அமரட்டும். அந்த வட்டத்தில் என் தந்தையாருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். வருவதும் வராததும் அவர் விருப்பம்.