யாரிடம் எதைக் கேட்பது?

பிறந்த ஊரிலே வாழ்வோருக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. கேளாமலே வந்து சொல்பவர் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பர். எந்தக் கடையில் எண்ணெய் சுத்தமாக இருக்கும், எந்த மாதத்தில் எதை வாங்கி வைக்க வேண்டும் என்பனவற்றை அங்கே யாரும் தேடிக் கற்பதில்லை. அவை தாமாகவே காதில் வந்து விழுந்துவிடுகின்றன. பிழைப்பின் பொருட்டு வடக்கே குடிபெயர்ந்த நமக்கோ அவ்வசதி கிடையாது. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மாற்றல் உத்தரவு ஒரு தாளில் வந்துவிடுகிறது. போய்ச் சேரும் ஊரின் அரிசியும் தண்ணீரும் குளிரும் எத்தன்மையன என்பதை அத்தாள் சொல்வதில்லை. பிறரைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே, யாரிடம் எதைக் கேட்பது என்பது நமக்குச் சிறிய விஷயமன்று.

நாங்கள் 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கைக்குழந்தையோடு தில்லிக்கு வந்தோம். முதற்கேள்வி சமையற்கட்டில் எழுந்தது. துவரம் பருப்பு, குக்கரில் எட்டு விசில் வந்த பின்னும் கரையவில்லை. மன்னார்குடியிலிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கேட்டோம். "பழைய பருப்பாயிருக்கும், கடையை மாற்றிப் பாருங்கள்" என்றார். கடையை மாற்றினோம், பருப்பு அப்படியே இருந்தது. எதிர் வீட்டில் மீரட் பக்கத்து மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை 'அம்மாஜி' என்று அழைப்போம். அரைகுறை இந்தியில் அவரிடம் கேட்டதற்கு, "பருப்பில் குற்றமில்லை, பேட்டி, தண்ணீரைப் பார்" என்றார். எங்கள் குடியிருப்பில் வருவது ஆழ்குழாய்த் தண்ணீர். அத்தகைய கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து, பருப்பிலுள்ள பெக்டின் என்னும் பொருளோடு சேர்ந்து அதனை இளகவிடாது இறுக்குகிறது. சுத்திகரித்த குடிநீரில் ஊறவைத்து வேகவைத்தபோது பருப்பு குழைந்தது. அம்மா சொன்னதும் பொய்யன்று. நாட்பட்ட பருப்பும் வேகாதுதான். ஆனால் அவர் அறிந்த தண்ணீர் வேறு.

அரிசியின் கதையும் இதுவே. புழுங்கலரிசி வேண்டுமென்று இந்தியில் விளக்கிச் சொன்னால், கடைக்காரர் 'சேலா' என்னும் அரிசியை எடுத்து நிறுப்பார். அதுவும் புழுக்கிய அரிசியே, எனினும் பெரும்பாலும் நீண்ட பாஸ்மதி மணியாயிருக்கும், புலவுக்கு உரியது. இட்லிக்கான குட்டை மணி அரிசிக்கு ஐ.என்.ஏ. சந்தைக்குப் போகும்படி சொன்னவர், இருபது ஆண்டுகளாக இந்நகரில் மாவரைத்து வரும் ஒரு தமிழ் அம்மையார். மார்கழியில் மாவு பொங்க வேண்டுமாயின் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்து, ஊரில் காத்திருப்பதைப்போல் இருமடங்கு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அவர் வாக்கே. அம்மாஜிக்கு இட்லி தெரியாது. அந்த அம்மையாருக்கு எங்கள் குடியிருப்பின் தண்ணீர் தெரியாது. இருவரையும் கேட்டதால்தான் எங்கள் சமையல் ஒழுங்குபட்டது.

நிற்க. வாங்கும் பொருள்களில் எங்களை நீண்ட நாள் யோசிக்க வைத்தது ஸ்கூட்டர். ஊரில் சும்மா நிற்கும் வண்டியை ரயிலில் பார்சலாக அனுப்பிவிடலாம் என்று உறவினர் அன்போடு சொன்னார்கள். ஓட்டுநர் உரிமம் நாடெங்கும் செல்லும்போது வண்டி மட்டும் செல்லாதா என்பது அவர்கள் வாதம். மூன்று முறை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலான அலுவலக நண்பர் ஒருவர் வேறு கணக்குச் சொன்னார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி பிற மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபனையின்மைச் சான்று வேண்டும். இங்கே சாலை வரி கட்டிவிட்டு, அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். அலைச்சலையும் செலவையும் கூட்டிப் பார்த்து, நாங்கள் இங்கேயே ஒரு வண்டி வாங்கினோம். 2021ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு ஊழியர் போன்றோரின் சொந்த வண்டிகளுக்கு 'பி.எச்.' வரிசைப் பதிவெண் உண்டு. அதைப் பெற்றவர்க்கு மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டியதில்லை. இனி வண்டி வாங்கும் அன்பர்கள் இதையும் விசாரித்துக்கொள்வது நலம்.

வண்டி வந்தபின் பனிமூட்டம் வந்தது. மூட்டத்தில் ரயில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாவதை அலுவலகத்தில் தினமும் காண்கிறோம். சாலையில் அதனூடே செல்வது வேறு வித்தை. ஊரில் நெடுங்காலம் பேருந்து ஓட்டிய எங்கள் மாமா, "நன்றாக வெளிச்சம் போட்டுக்கொண்டு போங்கள்" என்றார். டாக்சி ஓட்டும் சர்தார்ஜி ஒருவரோ, "விளக்கைத் தாழ்த்திப் போடு, உயர்த்திப் போட்டால் ஒளி மூட்டத்தில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும்" என்று காரணத்தோடு சொன்னார். முன்வண்டியை ஒட்டிச் செல்லாதே, சாலை நடுவில் நின்றுவிடாதே என்பவையும் அவர் சொன்னவையே. காரணம் தெரிந்த யோசனை மறப்பதில்லை.

எல்லாவற்றினும் பெரிய யோசனை அந்த முதற்குளிர் காலத்தில் கிடைத்தது. தை மாதக் குளிரில் இரவெல்லாம் குழந்தை நடுங்கிற்று. அறிமுகமான ஒருவர், குமுட்டி அடுப்பில் கரி மூட்டி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அறை விடியும்வரை கதகதப்பாயிருக்கும் என்றார். அதனை இங்கே 'அங்கீட்டி' என்பர். வாங்குமுன் அம்மாஜியைக் கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. "மூடிய அறையில் கரி எரிந்தால் கெட்ட காற்று எழும், புகையும் வராது, வாடையும் வராது, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார்" என்றார். கார்பன் மோனாக்சைடு என்று விஞ்ஞானம் பெயரிட்ட வாயுவை அவர் அவ்வாறு சொன்னார். தடித்த ரஜாயும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் போதும் என்று சொல்லி, தம் வீட்டு ரஜாய் ஒன்றையும் கொடுத்தார். வட நாட்டில் மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கிக் குடும்பத்தோடு மாண்டோர் செய்தி குளிர்காலத்தில் பத்திரிகைகளில் வருவதைப் பின்னர்ப் பலமுறை படித்தோம். படிக்கும்போதெல்லாம் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

இவற்றால் நாங்கள் கடைப்பிடித்து வருவன மூன்று. அந்தப் பொருளை அந்த இடத்திலேயே பயன்படுத்தினவரைக் கேட்பது ஒன்று. யோசனையோடு காரணத்தையும் கேட்பது இரண்டு. காரணம் தெரிந்தால் நமக்குப் பொருந்துமா என்பது விளங்கிவிடும். விற்பவரை மட்டும் கேட்டு நின்றுவிடாமை மூன்று. ஊரிலுள்ள பெரியோரைக் கேளாதிருக்க வேண்டும் என்பதன்று. கேட்காவிட்டால் அவர்கள் மனம் வருந்தும். அவர்கள் குரலைக் கேளாவிட்டால் நம் மனமும் வருந்தும். குழந்தைக்குச் சளி என்றால் இன்றும் முதலில் மன்னார்குடிக்குத்தான் பேசுகிறோம்.

மொழி வராதே என்று கூசிக் கேளாதிருப்பவர்கள் நம்மில் பலர், குறிப்பாகப் பகலெல்லாம் தனியே இருக்கும் பெண்மணிகள். பருப்பைப் பற்றிக் கேட்ட அந்த ஒரு கேள்வியால்தான் எதிர் வீட்டுக் கதவு எங்களுக்குத் திறந்தது. இப்போது அம்மாஜி கேளாமலே வந்து சொல்கிறார்.

நாம் பெற்றதைப் பிறர்க்கும் கொடுக்க வேண்டுமன்றோ? உங்கள் குடியிருப்புக்கு இவ்வாண்டு புதிதாய் வந்த தமிழ்க் குடும்பம் ஏதேனும் இருப்பின், கார்த்திகை பிறக்குமுன் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். மற்றவற்றைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குமுட்டி அடுப்பைப் பற்றி மட்டுமாவது சொல்லிவிட்டு வாருங்கள். காப்பி கொடுப்பார்கள், குடித்துவிட்டே வரலாம்.