விசில் அடிக்கும் ஆம்ப்!

கார்ல பாட்டு போட்டா பாட்டு மட்டும்தான் கேக்கணும். கூடவே 'ஙொய்ய்ய்'னு ஒரு கொசுவும் சேர்ந்து பாடினா? அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சுருதி ஏத்திக்கிட்டே போற கொசு! நம்மாளுங்க பலபேர் உடனே சவுண்டைக் கூட்டி அதை அமுக்கப் பார்ப்பாங்க. முடியலைன்னா கடைக்குப் போய் செட்டையே மாத்துவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல அரை நாள் வேலை ஒண்ணு இருக்கு மக்களே!

எங்க மாமா டூரிஸ்ட் கார் ஓட்டுறவர். ஊட்டி, கொடைக்கானல், பழனினு வாரம் முழுக்க ரோட்டுலதான் குடித்தனம். நாலு கதவுலயும் ஸ்பீக்கர், டிக்கியில ஆம்ப், சப்-வூஃபர்னு வண்டி களைகட்டும். மழை சீஸன் முடிஞ்ச கையோட அந்த விசில் ஆரம்பிச்சது. மலை ஏறும்போது பாட்டை விட விசில்தான் ஜாஸ்தி. சவாரி வந்த ஒரு குடும்பம், "அண்ணே, பாட்டே வேணாம், நிறுத்திருங்க"னு சொல்லிட்டாங்க. மாமாவுக்கு முகமே செத்துப்போச்சு.

கடையில காட்டினார். ஒரு ஒயரைக்கூட கழட்டிப் பார்க்காம, "எல்லாம் போச்சு, மொத்தமா மாத்திடலாம், 14,000 ரூபாய்"னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. மாமா கையில இருந்தது அடுத்த மாச எஃப்.சி.க்கும் இன்ஷூரன்ஸுக்கும் எடுத்து வெச்ச பணம். அதுல கைவெச்சா வண்டியே ரோட்டுல ஓடாது.

"ஏன் மாப்ள, நீ கரன்ட்டு படிப்புதானே படிக்கிற? என்னனுதான் பாரேன்!"

ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. எஸ்கேப் ஆக முடியுமா?

காருக்குள்ள ஓடற கரன்ட் எங்கிருந்து வருதுனு முதல்ல யோசிச்சேன். இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலமா ஆல்டர்னேட்டர் சுத்தும். அதுல பிறக்கறது த்ரீ-ஃபேஸ் ஏ.சி. கரன்ட். உள்ளேயே இருக்கற டயோடுகள் அதை டி.சி.யா மாத்தும். பரீட்சைக்காக நாம விழுந்து விழுந்து படிக்கிற அதே ரெக்டிஃபையர்தான்! ஆனா அந்த டி.சி. தண்ணி மாதிரி சமமா இருக்காது, மேல கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். அதுக்குப் பேர்தான் ரிப்பிள். இன்ஜின் வேகம் கூடினா அலையும் வேகமாகும். அந்த அலை பாட்டுக்குள்ள நுழைஞ்சா அதான் விசில். சரி, எந்த ஓட்டை வழியா நுழையுது?

நான் எனக்கே போட்டுக்கிட்ட ரூல் ஒண்ணே ஒண்ணு. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தணும், மாத்தினதும் காதைத் தீட்டணும்.

முதல்ல இன்ஜின் ஆஃப், சாவியை மட்டும் திருப்பி பாட்டு. சுத்தமா இருந்தது. அப்போ ஸ்பீக்கர் கிழியலை. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் விசில் ஆஜர். அடுத்து, வால்யூமை ஜீரோவுக்கு இறக்கச் சொன்னேன். பாட்டு போச்சு, விசில் அப்படியே நின்னுது! வால்யூம் கன்ட்ரோலுக்கு அப்புறம் இருக்கற பாதையிலதான் திருடன் நுழையறான்னு அர்த்தம். வால்யூமோட சேர்ந்து விசிலும் குறைஞ்சிருந்தா, செட்டுக்கு முன்னாடி தேடணும். போனை சார்ஜர்ல போட்டுக்கிட்டே ஆக்ஸ் ஒயர்ல பாட்டு கேக்கற பசங்களுக்கு வர்ற விசில் பெரும்பாலும் அந்த ரகம். சார்ஜரைப் பிடுங்கினா நின்னுரும்.

அடுத்து இன்ஜின், செட் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, செட்ல இருந்து ஆம்ப்புக்கு வர்ற ஆர்.சி.ஏ. ஒயரைக் கழட்டினேன். மறுபடி ஸ்டார்ட். கப்சிப்! விசில் அந்த ஒயர் வழியாத்தான் வருது. ஆம்ப் குற்றவாளி இல்லை.

இப்போ மல்டிமீட்டர். கார்ல நெகட்டிவ் பக்கம் முழுக்க வண்டியோட பாடிதான். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாத்தோட கரன்ட்டும் அந்தத் தகரம் வழியாத்தான் பாட்டரிக்குத் திரும்பும். ஆர்.சி.ஏ.வைத் திரும்ப மாட்டி, பாட்டும் போட்டு, ஆம்ப்போட கிரவுண்டுக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட்டேஜ் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும். மீட்டர் காட்டினது 0.6 வோல்ட்!

டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினா, கிரவுண்ட் ஒயரை பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருக்காங்க. மழைத் தண்ணி இறங்கி போல்ட்டைச் சுத்தி துரு வேற. திரும்பிப் போக நல்ல வழி இல்லாத கரன்ட், ஆர்.சி.ஏ. ஒயரோட மேல் வலை வழியா செட் பக்கம் போக ஆரம்பிச்சிருக்கு. இதைத்தான் கிரவுண்ட் லூப்ங்கறாங்க. ஆம்ப் பாவம், வர்றது பாட்டா விசிலானு அதுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் பெருக்கித் தள்ளுது!

பாட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, உப்புத்தாளால தகரம் பளபளக்கற வரை தேய்ச்சு, புது லக் போட்டு இறுக்கினோம். முக்கால்வாசி விசில் காலி. மிச்சம் கால்வாசிக்குக் காரணம், ஆர்.சி.ஏ. ஒயரையும் பாட்டரி ஒயரையும் ஒண்ணாக் கட்டி ஒரே பக்கமா இழுத்திருந்தது. ஆர்.சி.ஏ.வை எதிர்ப்பக்கம் மாத்தினதும் சுத்தம்! செலவு 40 ரூபாய், டீயையும் சேர்த்து.

அந்த 14,000 ரூபாயைக் கொட்டி புது ஆம்ப் வாங்கி, அதே துருப்பிடிச்ச போல்ட்ல மாட்டியிருந்தா? புது ஆம்ப்பும் அதே விசிலைத்தான் அடிச்சிருக்கும்.

உங்க வண்டியில வேற சத்தமா? 'டிக் டிக்'னு இன்ஜின் வேகத்தோட ஓடினா, பெட்ரோல் வண்டியில ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்க. 'டுடுக் டுடுக்'னு வந்து அடுத்த செகண்ட் போன் அடிச்சா, அது 2ஜி சிக்னல். செகண்டுக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பற சிக்னலை ஸ்பீக்கர் ஒயர் ஒட்டுக் கேக்குது, போனைத் தள்ளி வைங்க. பேஸ் அடிக்கும்போது மட்டும் 'கடகட'ன்னா, கதவு பேனலைக் கையால அழுத்துங்க. நின்னா, ஸ்பீக்கர்ல தப்பில்லை, ஸ்க்ரூதான் லூஸ். ஒண்ணு மட்டும் ஞாபகம்: மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, புகை ஆளையே கொல்லும். சுத்தற பெல்ட் பக்கம் கையும் போகக் கூடாது.

லேப்ல ரீடிங் வரலைன்னா பக்கத்து டேபிள் நோட்டை எட்டிப் பார்த்துக்கலாம். கார் டிக்கிக்குள்ள பக்கத்து டேபிள் ஏது? அன்னிக்குத்தான் ரெக்டிஃபையர் பாடம் எனக்கு நிஜமாவே புரிஞ்சது. மாமாவும் அந்த மாசம் எஃப்.சி. எடுத்துட்டார்!