பட்டம் பெற்ற பெண்ணுக்குப் பாலர் வகுப்பா?



பட்டுத் தறிகளுக்குப் பெயர் பெற்ற எங்கள் ஆரணியில், பெண்மக்களைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் பெருகியுள்ளன. அப்பெண்களுள் சிலர் உளவியலை விரும்பிப் படிக்கின்றனர். படித்து முடித்த பின்னர்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. மதரஸாவில் பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு: "உஸ்தாபி, மூன்று வருஷம் பணம் கட்டி மனோதத்துவம் படிக்க வைத்தோம். இப்போது தொடக்கப் பள்ளியில் டீச்சருக்கு உதவியாக இருக்கக் கூப்பிடுகிறார்கள். இதற்கா படிக்க வைத்தோம்? அனுப்பலாமா, வேண்டாமா?"

இதற்கு விடை கூற எனக்குச் சிறிது உரிமை உண்டு. நானும் உளவியலில் பி.ஏ. பட்டம் பெற்றவள். மதரஸாப் பணிக்கு வருமுன், இவ்வூர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பு ஆசிரியைக்கு உதவியாளராக இரண்டாண்டுகள் இருந்தேன். பென்சில் சீவுவது, சிலேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுப்பது, சாப்பிடுமுன் கை கழுவ அழைத்துச் செல்வது, அழும் பிள்ளையைத் தேற்றுவது இவையே என் வேலைகள். "பி.ஏ. படித்துவிட்டு ஆயா வேலையா?" என்று உறவினர் கேட்டனர். சம்பளமும் அப்படிக் கேட்கும்படியாகத்தான் இருந்தது.

ஆயினும் அந்த வகுப்பில் நான் கண்ட ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சிறுவன் வாயே திறக்க மாட்டான். எண்களைக் கேட்டால் தலை குனிவான். "மந்தம்" என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தனர். அவன் வீட்டு மொழி உருது. தமிழ் அவனுக்குப் பள்ளியில்தான் அறிமுகம். ஒருநாள் தறி வீட்டிலிருந்து வாங்கி வந்த மிச்ச நூல்களை அவன் முன் பரப்பி, அவன் வீட்டு மொழியிலேயே எண்ணச் சொன்னேன். நிறம் நிறமாகப் பிரித்து வைத்து, பிழையின்றி ஐம்பது வரை எண்ணினான். அவனிடம் இல்லாதது தமிழ்ச் சொல்லே அன்றி, அறிவு அன்று. மொழித் தடையையும் அறிவுக் குறையையும் ஒன்றாகக் கருதலாகாது என்று கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தத் தரையில் அமர்ந்தபோதுதான்.

வகுப்பாசிரியை நல்லவர், திறமையானவர். ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒருவராகப் பார்க்க வேண்டியவர். ஒரு பிள்ளையின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார அவருக்கு வழியில்லை, எனக்கு இருந்தது. நான் கூறியதைக் கேட்டு, இரு மொழியும் அறிந்த மற்றொரு சிறுவனை அவனருகே அமர்த்தினார். ஆண்டு முடிவதற்குள் அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கலானான்.

உளவியல் பெரிய மருத்துவமனைகளுக்கே உரியது என எண்ணுவோர் அதன் வரலாற்றைச் சற்றே பார்க்கட்டும். பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் சிமோனும் 1905-இல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காகவே. 1920-ஐ ஒட்டி அதே நகரில், பள்ளிப் பிள்ளைகளிடம் இத்தகைய சோதனைகளை நடத்தும் பணி இளைஞரான பியாஜேக்குக் கிடைத்தது. சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அவர் கவனத்தை ஈர்த்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறுவதைக் கண்டு, குழந்தை சிந்திக்கும் முறையே வேறு என்ற ஆய்வில் இறங்கினார். குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து கேட்டவர்களால் வளர்ந்த கல்வி இது.

உதவியாளர் என்பதும் இழிவான பெயர் அன்று. பாக்தாதின் நிஜாமிய்யா போன்ற பழைய மதரஸாக்களில், முதர்ரிஸ் பாடம் நடத்திய பின் அதனை மாணவர்க்குத் திரும்பச் சொல்லி விளக்க "முஈத்" என்பவர் இருந்தார். நமது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் இல்லத்தின் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் நூலாக வெளியிட்ட இம்முறை, "மதராஸ் முறை" என்ற பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவியது.

நம் ஊருக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் போதாது. நெசவாளர் பாவில் நாடாவைச் செலுத்த, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரைக்கான நாடாவைக் கவனிக்க வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களையே அமர்த்தினர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் வந்தபின் அச்சிறுவர்களின் இடம் பள்ளி என்றாயிற்று. எழுத்தறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளி வரும் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. வகுப்பிலாவது அதன் பக்கத்தில் ஒருவர் அமர வேண்டாமா?

எனினும், பெற்றோர் பெருமக்களே, இனிப்பான சொற்களை மட்டும் கூறி உங்கள் மகளை அனுப்பச் சொல்வது நேர்மையாகாது. சில உண்மைகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, இவ்வேலை தானாக ஆசிரியர் பணியாக மாறிவிடாது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அரசு ஆசிரியராகத் தொடக்கக் கல்விப் பட்டயமும், ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றியும் தேவை. பி.எட். பட்டம் தொடக்க வகுப்புகளுக்குரிய தகுதி ஆகாது என உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது.

இரண்டாவது, இளங்கலைப் பட்டம் எவரையும் மனநல நிபுணர் ஆக்குவதில்லை. மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகள் 21-இல் ஒன்றாக 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அக்குறை உண்டா என்று முடிவு கூறுவது உதவியாளரின் வேலை அன்று. கண்டதைக் கண்டபடி ஆசிரியையிடம் சொல்வதும், தகுதியுள்ளவரிடம் காட்டும்படி பெற்றோருக்கு எடுத்துரைப்பதுமே அவரது எல்லை. "மந்தம்" என்ற சொல்லை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வாயில் நுழையாத வேறொரு பெயரைச் சூட்டுவதால் பிள்ளைக்கு நன்மை இல்லை.

மூன்றாவது, ஊதியம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. மாலையில் ஒன்றரை மணி நேரத் தொண்டுக்கு அது ஊக்கத்தொகை. நாள் முழுதும் வகுப்பில் நிற்பவருக்குத் தர வேண்டியது சம்பளம். "சேவைதானே அம்மா" என்று புகழ்ந்து கூலியைக் குறைப்போர் உண்டு. வேலை நேரம், பொறுப்பு, சம்பளம் ஆகியவற்றை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இவற்றை அறிந்த பின்னும் உங்கள் மகள் விரும்பினால், தயங்காமல் அனுப்புங்கள். ஓராண்டு அல்லது ஈராண்டு எனக் காலம் வகுத்துக் கொள்ளட்டும். அன்றாடம் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். தனக்கு ஏற்றது முதுகலையா, சிறப்புக் கல்விப் பட்டயமா, தொடக்கக் கல்விப் பட்டயமா என்பதை அந்தப் பிள்ளைகளின் நடுவே இருந்து அவளே தெரிந்துகொள்வாள். திருமணப் பேச்சு வரும்போது, "பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்பவரிடம் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்: "தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு வேலை செய்கிறாள், மேலும் படிக்க இருக்கிறாள், இன்ஷா அல்லாஹ்."