காதை மூடிக் கேட்டபோது



பாடகர் குழுவுக்கு வாட்சப்பில் வரும் பயிற்சிப் பதிவுகளை இதுவரை 5 பவுண் இயர்போனில்தான் கேட்டுவந்தேன். நான் டெனர். அந்தக் குரல் எப்போதும் சோப்ரானோவுக்கு அடியில் புதைந்தே கிடக்கும். போன மாதம், சேர்த்த காசில் ஆடியோ-டெக்னிக்கா எம்20எக்ஸ் ஹெட்போன் வாங்கினேன். ஸ்டூடியோவுக்கென்று செய்யும் வரிசையில் மலிவானது.

வெளிப்புறம் அடைத்த வகை. பாட்டு அதிகம் கசியாது. ஒரே அறையில் ஏ-லெவலுக்குப் படிக்கும் தங்கச்சி இப்போது முறைப்பதில்லை. ஆனால் வயர் 3 மீட்டர்! நோர்தன் லைனில் ஒருநாள் பக்கத்து அன்ரியின் பையோடு சிக்கிவிட்டது. ரயிலின் உறுமலும் உள்ளே வந்தது. இரைச்சலை எதிர்த்து அழிக்கும் மின்வசதி இதில் இல்லை. காதும் வேர்த்தது. இது வீட்டுச் சாமான்தான்.

வீட்டில் முதலில் போட்டது போன நத்தார் கரோல் ஆராதனை. டெனர் வரிசைக்கு முன்னால் வைத்த போனில் எடுத்தது. பாஸ் தனியாகக் கேட்டது, ஆல்டோ தனியாகக் கேட்டது. இரண்டாம் சரணத்தில் ஒருவன் அரைச்சுரம் கீழேயே பாடிக்கொண்டு போகிறான். மூன்று முறை திருப்பிப் போட்டேன். நான்தான்.

பக்கத்தில் நிற்கும் அண்ணா ஞாயிறுதோறும் என் பக்கம் சாய்ந்து கொஞ்சம் பலமாகப் பாடுவது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. நான் அதைப் பெருமை என்று நினைத்திருந்தேன். வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

இப்போது ஒரு காதை மட்டும் மூடிப் பாடிப் பழகுகிறேன். இரண்டையும் மூடினால் நம் குரலே தலைக்குள் குடம்போல் முழங்கும், சுரம் பிடிபடாது. சனிக்கிழமை பயிற்சிக்குக் கொஞ்சம் முந்திப் போய் அண்ணாவைப் பார்க்க வேண்டும்.