காட்டூரில் ஒரு மூங்கில் கழி

"காத்தாடி றெக்கை ஆடுறதை எப்படித் தம்பி அளப்பீங்க?"

காட்டூர்ல என் ரூம்மேட்டோட அப்பா கேட்ட கேள்வி இது. இறால் தொக்கு சாப்பிடத்தான் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி, மீஞ்சூர்ல இறங்கி, பஸ் பிடிச்சுப் போனேன். பழவேற்காடு ஏரிக் காத்து, உப்பு வாசனை, கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகள். ஆனா, இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் விடாம கூடவே வந்துடுச்சு!

விஷயம் சிம்பிள். காற்றாலை இறக்கையோட அடியை ஸ்டாண்டில் போல்ட் போட்டு முடுக்கணும். நுனியைக் கயிறு கட்டி இழுத்து, சட்டுனு விடணும். ஆட்டம் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு குறையுதுன்னு சென்சார் சொல்லும். அமெரிக்காவின் என்ஆர்இஎல் 2009-ல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையில் இறக்கை நீளம் 61.5 மீட்டர். அதோட சொந்தத் தணிப்பு ஆட்டத்துக்குச் சுமார் 3 சதவிகிதம்தான். அதாவது, ஆட்டம் பாதியாகவே 23 சுற்று ஆகும். 1990-களில் ஐரோப்பாவில் சில பழைய ரகக் காற்றாலைகளில், பலமான காத்து இறக்கையை அடக்காம, விளிம்புவாக்கில் இன்னும் ஆட்டிவிட்டுச்சு. அப்போ காப்பாத்த வேண்டியது இந்தச் சின்ன எண்தான்.

"செஞ்சு காட்டு"ன்னார். நீளமான மூங்கில் கழி நுனியில் என் செல்போனை ரப்பர் பேண்டால் கட்டினேன். மறுமுனையைப் படகு மேல வெச்சு, அவர் உக்காந்துக்கிட்டார். இழுத்து விட்டா... அஞ்சே ஆட்டத்தில் படுத்துடுச்சு. "சூப்பர் தணிப்பு!"ன்னு குதிச்சேன்.

அவர் சிரிச்சுட்டு எழுந்து, கழியை மரக்கட்டையோட கயிறு போட்டு வரிஞ்சு கட்டினார். இப்போ விட்டா, நிக்கவே மாட்டேங்குது! முதல்ல நான் அளந்தது மூங்கிலை இல்லை, அவர் உடம்பை.

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. லேப்ல கண்ணாடி இழைத் துண்டில் கீறல் விழக்கூடாதுன்னு, வைஸ்ல ரப்பர் ஷீட் வெச்சுத்தான் இறுக்கியிருந்தேன். புத்தகத்தில் இருக்கிறதைவிடப் பல மடங்கு தணிப்பு வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல பெருமையா எழுதியும் வெச்சிருக்கேன். உறிஞ்சினது ரப்பர்!

அதோட விடலை அவர். தன் படகை விரல் மடக்கித் தட்டினார். டங்... டங்... டங்... ஒரு இடத்தில் மட்டும் 'தொப்'. "உள்ளே பிரிஞ்சிருக்கு. ஒட்டுப் போடாம முகத்துவாரம் தாண்ட மாட்டேன்"னார். படகும் இறக்கையும் ஒரே குடும்பம்தான்: கண்ணாடி இழையும் பிசினும். அடுக்கு பிரிஞ்சா, உள்ளே உரசி அதிர்வைத் தின்னுடும். தணிப்பு திடீர்னு கூடினா சந்தோஷப்படக் கூடாதுன்னு எந்த லெக்சர்லயும் எனக்கு உறைக்கலை. காற்றாலை இறக்கையையும் இப்படித் தட்டிப் பார்க்கிறது உண்டுன்னு சொன்னேன். "பின்னே?"ன்னார், அலட்டிக்காம.

திரும்பி வரும்போது டிபன் பாக்ஸ்ல தொக்கு இருந்துச்சு. திங்கட்கிழமை ரப்பர் ஷீட்டை உருவிட்டு முதல்லேர்ந்து எடுக்கணும். கைடுகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் ட்ரெயின்ல யோசிச்சுட்டே வந்தேன்.