திமிரியில் ஒரு மல்லாரி

கார்த்திகை தீபத் திருவிழாவில் பஞ்சமூர்த்திகள் மாட வீதிக்கு எழுந்தருளும்போது முன்னால் மேளம் போகிறது. திருவண்ணாமலையில் அதைக் கேட்டபோது ஒன்று எனக்கு உறுதிப்பட்டது: மல்லாரி உட்கார்ந்து கேட்பதற்கான இசை அல்ல, சுவாமியோடு நடக்கிற இசை. சாகித்தியம் கிடையாது, கம்பீர நாட்டையில் ஒரே உருப்படியை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். பதினொரு நிலைக் கோபுரம், கல் மதில், திரண்ட கூட்டம் எல்லாவற்றையும் மீறி அது எட்ட வேண்டும். அதற்கென்றே இருந்தது திமிரி என்ற குட்டை நாகசுரம். நாலு, அஞ்சு கட்டை என்ற உயர்ந்த சுருதி. இன்று பெரும்பாலும் கையில் இருப்பது நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகக் கடைந்து பெயர்பெற்ற பாரி என்ற நீண்ட நாகசுரம். இரண்டு, இரண்டரைக் கட்டை. கோயில் உருப்படிகளைப் பதிவு செய்வதானால் அவற்றைத் திமிரியிலும் பதிவு செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

வாத்தியம் மாறினால் துளைகளின் இடைவெளி மாறும். விரலும் மூச்சும் மாறும். மூன்றாம் காலத்தின் ஓட்டமும் மாறும். ஐரோப்பாவில் பரோக் இசையை மீட்டவர்கள் இதைத்தான் கண்டார்கள். 1953-இல் வியன்னாவில் ஹார்னன்கோர்ட் தொடங்கிய குழு பழைய வாத்தியங்களை எடுத்தபின், தெரிந்த உருப்படிகளே வேறு வேகத்தில், வேறு எடையில் கேட்டன. அவர்கள் சுருதியை இறக்கினார்கள். நாம் ஏற்ற வேண்டியிருக்கும். நாம் இழந்தது வாத்தியத்தை மட்டுமல்ல. ரக்தி மேளம் போன்ற நாகசுர உருப்படிகள் கச்சேரி மேடையில் கீர்த்தனைக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டன. மூன்று நிமிட இசைத்தட்டில், மணிக்கணக்கில் விரியும் ரக்திக்கு ஏது இடம்? விடாமல் சுருதி ஊதும் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துவிட்டது. கன்னத்துக் காற்றால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் அந்தக் கடும் உழைப்பு, ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற ஏளனமாக மட்டும் பேச்சில் மிஞ்சியிருப்பது எனக்கு வருத்தமே.

திமிரியில் சுத்த மத்திமம் சரியாக நிற்காது, அந்தக் குறையைத் தீர்த்ததே பாரி, பிறகு ஏன் பின்னே போக வேண்டும் என்று வித்வான்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரி இல்லாமல் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த மத்திமத்தை உதட்டாலும் காற்றாலும் பிடித்து நிறுத்திய வித்தை ஒன்று இருந்தது. அதை எழுதி வைக்க முடியாது, ஊதித்தான் காட்ட முடியும். வழிபாட்டைப் பதிவு செய்வது தகாது என்பாரும் உண்டு. சன்னதிக்குள் அந்த மரியாதை இருக்கட்டும்; வீதியுலா ஊர் முழுதும் கேட்கவே வாசிக்கப்படுவது. ஸ்டூடியோ போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்லில் மோதித் திரும்பும் ஒலியைக் கேட்டுத்தான் வாசிப்பவர் காற்றின் அளவை வைக்கிறார்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்திரத்திலிருந்து வரும், நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தில் கடைகிற கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. கேட்டால் திமிரியும் கடைந்து தருவார்கள். அதற்கேற்ற, வாயில் வைத்து ஊதும் சிறிய சீவாளி கட்டுகிறவரையும், ஊதிப் பழகும் மாதங்களுக்குக் கலைஞருக்குரிய சம்பளத்தையும் சேர்த்துத்தான் பதிவுச் செலவைக் கணக்கிட வேண்டும்.