லாபோங் கரையும் நவம்பர் மழையும்

லாபோங் அணை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து வடகிழக்கு மூலையில், மெர்சிங் மாவட்டத்து எண்டாவ் பக்கம் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் பாகாங். நெல்வயலுக்குத் தண்ணீர் விடுவதற்காகப் போருக்குப் பிறகு எழுந்த மண் அணை. அணை என்றதும் மேட்டூரை நினைப்பவர்களுக்கு இந்த வகை அணை கண்ணில் படவே நேரமாகும். இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் நடந்தவர்களுக்கு உடனே பிடிபடும். புல் மூடிய கரை, தண்ணீர் விட மதகு, மிகுநீர் வழியக் கலிங்கு. அவ்வளவுதான்.

*

எண்டாவ் நெல்லுக்குப் பின்னால் பசியின் கதை உண்டு. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் அரிசி தட்டுப்பட்டபோது, 1943-44இல் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொண்டுவந்து எண்டாவில் குடிவைத்தார்கள். காடு வெட்டிப் பயிர் செய்து பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ‘புதிய ஷோனான்’ என்று அதற்குப் பெயர்; ஷோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர். போர் முடிந்தும் மலாயாவில் அரிசிப் பஞ்சம் தீரவில்லை. 1932இல் தொடங்கிய வடிகால் நீர்ப்பாசனத் துறை அந்தப் பஞ்சத்தின் நெருக்கடியில் மறுபடியும் வாய்க்கால், மதகு, அணை என்று இறங்கியது. பேராக் மாநிலத்தில் 1906இல் முடிந்த புக்கிட் மேரா இவற்றுக்கெல்லாம் மூத்தது. இன்றும் கிரியான் வயல்களுக்கு அதுதான் தண்ணீர் தருகிறது. நூறாண்டு தாண்டிய மண் அணை நிற்கிறது. கட்டி முடித்த உடனேயே போன மண் அணைகளும் உண்டு: அமெரிக்காவின் டீட்டன், 1976 ஜூன் 5, முதல்முறை நீர் நிரப்பும்போதே. ஆகவே ‘பழசு, அதனால் ஆபத்து’ என்று நான் சொல்ல மாட்டேன். கரையில் நடந்து பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

*

உடைந்த பெரிய மண் அணைகளை ஃபாஸ்டர், ஃபெல் முதலிய ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் அலசி 2000இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஏறத்தாழப் பாதி, தண்ணீர் கரைமேல் வழிந்து உடைந்தவை. கிட்டத்தட்ட அதே அளவு, உள்ளேயே அரித்து உடைந்தவை. சரிவு சரிந்து போனவை மிகக் குறைவு. மேலே வழிவது மழையின் வேலை. உள்ளே அரிப்பது வெயில் காயும் நாளிலும் நடக்கும்.

*

கந்தளாய். 1986 ஏப்ரல் 20, விடியுமுன். திருகோணமலை மாவட்டத்தின் அந்தக் குளம் ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி காலத்தில் கட்டியதாகச் சொல்வார்கள். குளக்கோட்டன் பெயரோடும் சேர்த்துச் சொல்வது தமிழர் வழக்கு. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கரை. அது உடைந்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஊரைத் தண்ணீர் வந்து எடுத்தது. கரைமேல் ஓடிய கனரக வண்டிகளைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். நூற்றாண்டுகளாக மாட்டு வண்டியும் மனிதர் காலும் மட்டும் அறிந்த கரை அது. பழைய கரையில் லாரி விடுவதைக் கண்டால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

*

கசிவைப் பற்றி, நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னது: “தம்பி, மண்ணுக் கரைன்னா கசியத்தான் செய்யும். அதுக்குப் பயப்படாதே. தெளிவா வருதா, கலங்கலா வருதான்னு பாரு. நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவுன்னு பாரு.”

மொத்தப் பாடமும் இதற்குள் இருக்கிறது. தெளிந்த நீர் வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் கரையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. உள் அரிப்பு கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கம் நோக்கி ஒரு குழாய் போலத் துளைத்துக்கொண்டு போகும். அது ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் மீதி சில மணி நேரம்தான்.

கலங்கல் கண்டால் களிமண்ணை அப்பி அடைக்கத்தான் கை போகும். அடைக்கக் கூடாது. அடைத்த தண்ணீர் உள்ளேயே அழுத்தத்தை ஏற்றிப் பக்கத்தில் இன்னோர் இடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சிறு கல், அதன்மேல் பெருங்கல் என்று போட வேண்டும். தண்ணீர் போகும், மண் தங்கும். தரையிலிருந்து ஊற்றாகக் கொப்பளித்தால் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, நீரை உள்ளே கொஞ்சம் உயர விட வேண்டும். உயர்ந்த நீர் திருப்பி அழுத்தும், வேகம் தணியும். எந்த மண்ணுக்கு எந்த அளவு மணல் என்ற கணக்கை மண் பொறியாளர் டெர்சாகி வகுத்துக் கொடுத்தார். இன்றைய மண் அணைகளில் இந்த வடிகட்டி அடுக்கைக் கட்டும்போதே உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஒரே மண்ணால் கட்டிய பழைய கரைகள் பலவற்றில் அது கிடையாது. அதைச் சேர்க்க அணையை இடிக்க வேண்டியதில்லை. கீழ்ச்சரிவில் பின்னாளிலும் வைக்கலாம். பழைய நீர்ப்பாசன அணைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் செலவிட வேண்டியது இதில்தான்.

*

மதகுக் குழாய். கரையைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரே பொருள் அதுதான், ஆகையால் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய முதல் இடமும் அதுதான். குழாயின் அடிவயிற்றில் மண்ணை நன்றாக இடித்து இறுக்க முடியாது. இரும்பானால் துருப்பிடிக்கும், கான்கிரீட்டானால் இணைப்பு விலகும். குழாய்க்கு வெளியே, அதை ஒட்டியே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். மதகு அடைத்திருக்கும்போது குழாய் வாயருகே ஈரம் தெரிந்தால் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

*

மகாராஷ்டிரத்தின் திவரே அணை, இரத்தினகிரி மாவட்டம், 2019 ஜூலை 2 இரவு. கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள். உடைந்த பிறகு மாநில அமைச்சர் நண்டுகளைக் காரணம் சொன்னார். நண்டு, எலி, கறையான் எல்லாம் மண்கரையில் வளை தோண்டத்தான் தோண்டும். அதற்காகத்தான் கரைக்குக் காவல் வைப்பது. ஊரார் கண்டு சொன்னதை யார் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதே அங்கே கேட்க வேண்டியது.

*

புல் வெட்டுவது அழகுக்காக இல்லை. உயரமாக வளர்ந்த லாலாங் புல்லுக்குள் ஈரமும் வளையும் விரிசலும் மறைந்துவிடும். மரம் முளைத்தால் கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். பெருமரமான பின் வெட்டினால் வேர் உள்ளேயே மக்கி வழி திறக்கும்.

*

ஜொகூர் மழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம். சிகாமட், கோத்தா திங்கி, பத்து பகாட் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டுப் போனார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும். பருவமழை ஓய வேண்டிய மாதத்தில் யொங் பெங், பத்து பகாட் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அந்தப் பக்கத்தில் பெக்கோக், செம்புரோங், மாச்சாப் அணைகள் இருக்கின்றன. அவையெல்லாம் மேற்கு ஜொகூர் விவசாயத் திட்டக் காலத்தவை, வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதையும் சேர்த்து நினைத்துக் கட்டியவை. ஆனால் பயிருக்காகக் கட்டிய பழைய அணையின் கலிங்கு அந்தக் காலத்து மழைக் கணக்குக்கு அமைந்தது. மேலே காடாக இருந்த இடம் செம்பனையானால் மழை நீர் நின்று இறங்காமல் ஓடிவரும், வண்டலும் கூடவே வரும். ஏரி ஆழம் குறையும். கலிங்குக்கு வேலை கூடும்.

கலிங்கு வாயில் ஆகாயத்தாமரையும் செம்பனை மட்டையும் அடைத்துக்கொண்டால் அந்தக் கணக்கும் போயிற்று. கரையின் மட்டம் எங்காவது ஒரு முழம் தாழ்ந்திருந்தால் வழியும் நீர் முழுக்க அந்த ஒரே இடத்தில் பாய்ந்து வெட்டும். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் அன்னமய்யா அணையில் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளம் பெரிதுதான். ஆனால் அன்று ஒரு கதவு வேலை செய்யாமல் இருந்தது.

*

அணை எவ்வளவு உயரம் என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கட்டும்போது கீழே வயலும் சில வீடுகளும் இருந்திருக்கும். பிறகு பள்ளிக்கூடம், தாமான் குடியிருப்பு, கடைவரிசை வந்துவிடும். கரையில் ஒரு பிடி மண் மாறாமலே அணை ஆபத்தானதாகிவிடுகிறது. 2017இல் மலேசியா வெளியிட்ட அணைப் பாதுகாப்பு வழிகாட்டியும் கீழ்ப்புறத்து விளைவை வைத்தே அணைகளைத் தரம் பிரிக்கச் சொல்கிறது. கேமரன் மலை பெர்த்தாம் பள்ளத்தாக்கை மறக்கக் கூடாது. 2013 அக்டோபரில் அங்கே அணை உடையவில்லை. நடுஇரவில் திறந்துவிட்ட நீரே உயிர்களைக் கொண்டுபோனது.

*

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் மெர்சிங் கரையில் நேராக வந்து மோதும். அதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: கசிவை அளக்கும் முக்கோண வெட்டுப் பலகையில் சென்ற ஆண்டு அளவு என்ன, இந்த ஆண்டு என்ன. மதகுக் கதவைக் கடைசியாக எப்போது முழுக்கத் திறந்து மூடினார்கள். மழை இரவில் கரையில் நடக்கப்போவது யார், அவர் கையில் விளக்கும் தொலைபேசியும் உண்டா. உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவை எத்தனை நிமிடத்தில் எட்டும் என்ற வரைபடம் அலுவலக அலமாரியில் மட்டும் இருக்கிறதா, பள்ளியிலும் சூராவ் தொழுகையிடத்திலும் கோவிலிலும் ஒட்டியிருக்கிறதா. அபாயச் சங்கை இந்த ஆண்டு ஊதிக் காட்டினார்களா. அதைக் கேட்டால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்று கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா.